பதிவாகாத எடைக்கு ‘பதிவாகிவிட்டது’ என்று பதில் வருவது ஏன்? ஏபிஐயில் எக்செப்ஷனும் ரீடைரெக்டும்

முதலில் உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் சில கமிஷன் கடைகளுக்காக ஓர் ஆண்ட்ராய்டு செயலி செய்திருக்கிறீர்கள். உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்திலிருந்து விடியற்காலையில் வரும் மல்லிகையை எடை போட்டவுடன் கணக்குப்பிள்ளை அதைப் போனில் பதிகிறார். செயலி, போன் செயலிகள் எழுதும் கட்டமைப்பான ரியாக்ட் நேட்டிவில் எழுதியது. சர்வரில் பிஎச்பி மொழியின் வலைக் கட்டமைப்பான லாரவெல் 11. செயலி அதன் ஏபிஐ வழியாக, அதாவது மென்பொருள்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் முகவரிகள் வழியாக, தரவை அனுப்புகிறது. சில வரவுகளுக்குச் செயலி ‘பதிவாகிவிட்டது’ என்று பச்சை நிறத்தில் காட்டுகிறது, ஆனால் தரவுத்தளத்தில் அந்த வரவே இல்லை. லாரவெல் லாகில், அதாவது அதன் பதிவேட்டுக் கோப்பில், எக்செப்ஷன் (நிரல் ஓடும்போது எழும் பிழை) எதுவும் இல்லை. ஏபிஐயைச் சோதிக்கும் கருவியான போஸ்ட்மேனில் சோதித்தால் ஒழுங்காக வேலை செய்கிறது. கோரிக்கைக்கு உரிய வேலையைச் செய்யும் நிரல் பகுதிகளான கன்ட்ரோலர்கள் எல்லாவற்றிலும், எக்செப்ஷனைப் பிடிக்கும் டிரை கேட்ச் போட்டிருப்பதால் பிழை கைநழுவிப் போக வழியே இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

வழி இருக்கிறது. உங்கள் செயலிக்குக் கிடைத்தது வரவுப் பதிவுக்கான பதில் அல்ல. உங்கள் இணையதளத்தின் முகப்புப் பக்கம். அது 200 என்ற ஸ்டேட்டஸ் கோடுடன், அதாவது ‘எல்லாம் சரி’ என்று பொருள்படும் பதில் எண்ணுடன், வந்ததால் செயலி வெற்றி என்று எடுத்துக்கொண்டது.

இதை நீங்களே உறுதி செய்துகொள்ளலாம். லாரவெல் லாகை விட்டுவிட்டு லாரவெலுக்கு முன்னால் நிற்கும் வலை சர்வர் மென்பொருளான என்ஜினெக்ஸின் அக்சஸ் லாகை (வந்த கோரிக்கைகளின் பதிவேடு) திறந்து, வரவு காணாமல் போன நேரத்து வரிகளைப் பாருங்கள். வரவு முகவரிக்கு ஒரு போஸ்ட் (தரவை அனுப்பும் கோரிக்கை), ஸ்டேட்டஸ் 302, அதாவது ‘வேறு முகவரிக்குப் போ’ என்னும் ரீடைரெக்ட். அடுத்த வரியிலேயே அதே ஐபி முகவரி, அதே ‘ஓகே எச்டிடிபி’ என்ற யூசர் ஏஜென்ட் (கோரிக்கை அனுப்பிய மென்பொருளின் பெயர்), தளத்தின் முகப்புக்கு ஒரு கெட் (பக்கத்தைக் கேட்கும் கோரிக்கை), ஸ்டேட்டஸ் 200. எடை போடுகிற இடத்திலிருக்கும் போனுக்கு உங்கள் முகப்புப் பக்கத்தில் என்ன வேலை? இந்த இரட்டை வரி எத்தனை முறை வருகிறதோ அத்தனை கோரிக்கைகள் பதிவாகாமல் திரும்பியிருக்கின்றன.

நடப்பது இதுதான். வரும் தரவைச் சரிபார்க்கும் விதிகள் கொண்ட, நீங்கள் அனுப்பிய ஃபார்ம் ரிக்வெஸ்ட் வகுப்பில் எடை, விவசாயி எண், விலை மூன்றும் கட்டாயம் என்று விதி இருக்கிறது. பூச்சந்தையில் எடை முதலில் வரும். அன்றைய வரத்தையும் முகூர்த்தத்தையும் பார்த்து விலை பிறகு படியும். விலை படிவதற்கு முன் எடை போட்ட கணக்குப்பிள்ளை விலைக் கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்புகிறார். விதி மீறல் என்று லாரவெல் ஒரு வேலிடேஷன் எக்செப்ஷனை எழுப்புகிறது. அந்த எக்செப்ஷனுக்கு லாரவெல் வைத்திருக்கும் இயல்பான பதில், பிரவுசரில் படிவம் நிரப்பும் மனிதருக்கானது: ‘வந்த பக்கத்துக்கே திரும்பிப் போய்த் திருத்து’ என்று 302. வந்த பக்கம் எது என்பதை ரெஃபரர் ஹெடரிலும் (ஹெடர் என்பது கோரிக்கையோடு வரும் குறிப்பு), பயனரைப் பற்றி சர்வர் நினைவில் வைக்கும் செஷனிலும் தேடுகிறது. செயலிக்கு இரண்டும் கிடையாது. எனவே கடைசிப் புகலிடமாகத் தளத்தின் முகப்புக்கு அனுப்பிவிடுகிறது. போனில் கோரிக்கைகளை அனுப்பும் நிரல் நூலகமான ஓகே எச்டிடிபி, உங்களைக் கேட்காமலே அந்த முகவரிக்குப் போய் எச்டிஎம்எல் பக்கத்தை வாங்கிக்கொண்டு வருகிறது. உங்கள் செயலி ‘ரெஸ்பான்ஸ் ஓகேயா’ என்று மட்டும் பார்க்கிறது. 200 ஓகேதான்.

உள்நுழைந்தவர் யார் என்று காட்டும் டோக்கன் காலாவதியானாலும் இதே கதைதான், போய்ச் சேரும் இடம் மட்டும் வேறு. உங்கள் தளத்தில் நிர்வாகிகளுக்கு லாகின் பக்கம் இருப்பதால், சரியான டோக்கன் இல்லாத கோரிக்கை 302 வழியாக அங்கே போகிறது. லாகின் பக்கம் 200 உடன் வருகிறது. மீண்டும் பச்சை.

உங்கள் டிரை கேட்ச் இதைப் பிடிக்காததற்குக் காரணம், அது கன்ட்ரோலருக்குள் இருக்கிறது. டோக்கன் சோதனை, கன்ட்ரோலருக்கு முன்னால் உள்ள மிடில்வேர் அடுக்கில் நடக்கிறது. ஃபார்ம் ரிக்வெஸ்ட்டின் விதிகளும் கன்ட்ரோலரின் முதல் வரி ஓடுவதற்கு முன்பே சரிபார்க்கப்படுகின்றன. இரண்டு எக்செப்ஷன்களும் நீங்கள் காவல் வைத்த வாசலுக்கு வெளியிலேயே எழுந்து, யாரும் பிடிக்காத எக்செப்ஷன்களைக் கையாளும் லாரவெலின் பொது ஹேண்ட்லருக்குப் போய்விடுகின்றன. அங்கே இந்த இரண்டு வகைகளும் ‘லாகில் எழுத வேண்டாதவை’ என்ற உள் பட்டியலில் இருக்கின்றன. லாக் வெறுமையாக இருப்பதும் அதனால்தான்.

போஸ்ட்மேனில் ஏன் தெரியவில்லை? நீங்கள் எல்லாக் கட்டங்களையும் நிரப்பி, புதிய டோக்கனுடன் சோதித்திருக்கிறீர்கள். விலையைக் காலியாக்கி ஒரு முறை அனுப்புங்கள். அதற்கு முன், ரீடைரெக்டைத் தானாகப் பின்தொடரும் அமைப்பைப் போஸ்ட்மேனில் அணைத்துவிடுங்கள். அது இயல்பாகவே இயங்கிக்கொண்டிருப்பதால் 302 உங்கள் கண்ணில் படாமல் போகிறது.

பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று இங்கே உண்டு. ஜேசான் என்பது மென்பொருள்கள் தரவைப் பரிமாறிக்கொள்ளும் எழுத்து வடிவம். ‘ஜேசான்தானே அனுப்புகிறேன், கன்டென்ட் டைப் ஹெடரில் அப்படித்தானே போட்டிருக்கிறேன், பதிலும் ஜேசானாகத்தானே வர வேண்டும்’ என்பது இயல்பான எதிர்பார்ப்பு. ஆனால் கன்டென்ட் டைப் என்பது நீங்கள் அனுப்புவது எது என்று சொல்வது. எது வேண்டும் என்று சொல்வது அக்செப்ட் ஹெடர். லாரவெல் இரண்டாவதைத்தான் பார்க்கிறது. அதில் ஜேசான் என்று இருந்தால் வேலிடேஷன் பிழைக்கு 422, டோக்கன் பிழைக்கு 401 என்று சரியான பதிலைக் கொடுக்கும். இல்லாவிட்டால் உங்களை பிரவுசர் என்று எண்ணிக்கொள்ளும். லாரவெலில் ஜேசானுக்கென்றே இருக்கும் சோதனைச் செயற்கூறு, அதாவது ‘போஸ்ட் ஜேசான்’, அக்செப்ட் ஹெடரைத் தானே சேர்த்துவிடுகிறது. உங்கள் தானியங்கிச் சோதனைகள் எல்லாம் தேறியதற்கும் சந்தையில் மட்டும் தவறியதற்கும் காரணம் இதுவே. அந்த ஹெடர் இல்லாத வெறும் போஸ்ட்டாக ஒரு சோதனையாவது எழுதுங்கள். 302 வந்தால் அது தோற்க வேண்டும்.

302 இப்படி நடந்துகொள்வது லாரவெலின் குற்றமும் அல்ல, ஓகே எச்டிடிபியின் குற்றமும் அல்ல. இதற்குப் பழைய வரலாறு உண்டு. 1996இல் வந்த எச்டிடிபி 1.0 (பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் நெறிமுறை) ஆவணத்திலேயே, போஸ்ட்டுக்கு 302 கிடைத்தால் சில மென்பொருள்கள் அதைத் தவறாக கெட்டாக மாற்றிவிடுகின்றன என்ற குறிப்பு இருக்கிறது. பிரவுசர்கள் மாறவில்லை, விதிதான் வளைந்து கொடுத்தது. ‘கெட்டாக மாற்றியே போ’ என்று தெளிவாகச் சொல்ல 1997இல் 303 வந்தது. ‘போஸ்ட்டைப் போஸ்ட்டாகவே எடுத்துப் போ’ என்று சொல்ல 1999இல் 307 வந்தது. நிரந்தர இடமாற்றத்துக்கு அதே உறுதியைத் தரும் 308, 2015இல் தரநிலைப் பாதைக்கு வந்தது. போஸ்ட் கெட்டாக மாறும்போது உடன் அனுப்பிய எடையும் விவசாயி எண்ணும் வழியிலேயே உதிர்ந்துவிடுகின்றன. எனவே தரவைப் பதியும் ஏபிஐ முகவரி எதிலும் 301ஓ (நிரந்தர ரீடைரெக்ட்) 302ஓ வரக்கூடாது என்பதை விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

இனி திருத்தம். லாரவெல் 11இல் பூட்ஸ்டிராப் கோப்புறையில் உள்ள ஆப் கோப்பில் எக்செப்ஷன்களுக்கான பகுதி இருக்கிறது. ‘ஷுட் ரெண்டர் ஜேசான் வென்’ என்ற அமைப்பை அங்கே சேர்த்து, முகவரி ஏபிஐ என்று தொடங்கினால் எப்போதும் ஜேசான்தான் என்று சொல்லிவிடுங்கள். அக்செப்ட் ஹெடர் வந்தாலும் வராவிட்டாலும் ஏபிஐயின் பிழை ஜேசானாகவே போகும். இதோடு நின்றுவிடாதீர்கள். டோக்கன் இல்லாதவரை எங்கே அனுப்புவது என்பதை மிடில்வேர், எக்செப்ஷன் எழுப்பும் நேரத்திலேயே கணக்கிடுகிறது. லாகின் என்று பெயரிட்ட ரூட் (முகவரி அமைப்பு) இல்லாத தளங்களில் அந்தக் கணக்கே இடறி, 401 வர வேண்டிய இடத்தில் ‘லாகின் ரூட் இல்லை’ என்ற 500 (சர்வர் பிழை) வந்து நிற்கும். உங்கள் தளத்தில் இன்று அந்த ரூட் இருக்கிறது. நாளை நிர்வாகப் பக்கத்தைத் தனி சர்வருக்கு மாற்றினால் இருக்காது. எனவே மிடில்வேர் பகுதியில் ‘ரீடைரெக்ட் கெஸ்ட்ஸ் டு’ அமைப்பிலும், ஏபிஐ முகவரி என்றால் நல் (அதாவது எங்கும் அனுப்பாதே), மற்றவற்றுக்கு லாகின் பக்கம் என்று எழுதிவிடுங்கள். இரண்டும் சேர்ந்தால்தான் வேலை முழுமை.

விலை விதியையும் தளர்த்துங்கள். எடை பதியும்போது விலை காலியாக இருக்கலாம். பிறகு தனிக் கோரிக்கையில் விலையைச் சேர்க்கலாம். சந்தை நடக்கும் முறைக்கு எதிராக எழுதப்பட்ட வேலிடேஷன் விதி, எவ்வளவு ஒழுங்காகப் பிழை காட்டினாலும், கணக்குப்பிள்ளையைப் பொய்யாக ஏதாவது ஓர் எண்ணைப் போட வைக்கும்.

இதே நோய் வரக்கூடிய இன்னும் இரண்டு இடங்களைப் பார்த்துவிடுங்கள். லாரவெலுடன் வரும், அப்பாச்சி என்ற மற்றொரு வலை சர்வருக்கான எச்டி அக்சஸ் கோப்பு, முகவரியின் கடைசியில் சாய்கோடு இருந்தால் அதை நீக்கி 301 கொடுக்கும். நீங்கள் என்ஜினெக்ஸ் வைத்திருக்கிறீர்கள். ஆனால் உங்கள் சோதனை சர்வர் பகிர்வு ஹோஸ்டிங் என்று எழுதியிருக்கிறீர்கள், அங்கே அப்பாச்சி இருக்கலாம். இரண்டாவது, மறையாக்கம் இல்லாத எச்டிடிபியிலிருந்து மறையாக்கம் உள்ள எச்டிடிபிஎஸ்ஸுக்கு அனுப்பும் 301. இது முகப்புப் பக்கக் கதையைவிட மோசமானது. வரவு முகவரிக்குப் போஸ்ட் செய்தால் பதிவு, அதே முகவரிக்கு கெட் செய்தால் அன்றைய வரவுகளின் பட்டியல் என்றுதானே ரூட்களை அமைத்திருக்கிறீர்கள்? பழைய எச்டிடிபி முகவரி கொண்ட செயலி போஸ்ட் செய்கிறது, 301 கிடைக்கிறது, கெட்டாக மாறி எச்டிடிபிஎஸ் முகவரிக்குப் போகிறது, அன்றைய பட்டியல் 200 உடன் அழகான ஜேசானாக வருகிறது. எச்டிஎம்எல்லா ஜேசானா என்று சோதிக்கும் செயலியும் இதில் ஏமாந்துவிடும்.

308 கொடுத்தால் போஸ்ட் தப்பும். ஆனால் ஏபிஐக்கு நான் அதையும் விரும்புவதில்லை. ரீடைரெக்ட் பதில் கிடைப்பதற்குள் டோக்கன் மறையாக்கம் இல்லாத இணைப்பில் ஏற்கெனவே பயணித்துவிட்டது. சந்தையில் கிடைக்கும் பொது வைஃபையில் அதை யாரும் படிக்கலாம். எச்டிடிபியில் வரும் ஏபிஐ கோரிக்கையை 400 கொடுத்து மறுப்பதுதான் சரி. எழுதியவருக்கு அன்றே தெரிந்துவிடும். ஆண்ட்ராய்டு 9ஐயோ அதற்குப் பிந்தையதையோ இலக்காகக் கொண்ட செயலிகளில் மறையாக்கம் இல்லாத இணைப்பு இயல்பாகவே தடுக்கப்படுகிறது. செயலியின் அமைப்புக் கோப்பான மேனிஃபெஸ்டில் அதை யாராவது திறந்துவிட்டிருந்தால் மூடிவிடுங்கள்.

அடுத்தது உங்கள் டிரை கேட்ச். கடுமையாகச் சொல்வதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்: அவற்றை எடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு கன்ட்ரோலரிலும் எக்செப்ஷனைப் பிடித்து, ‘ஸ்டேட்டஸ் ஃபால்ஸ்’ என்று போட்டு, எக்செப்ஷனின் செய்தியையும் சேர்த்து 200 உடன் அனுப்புகிறீர்கள். தோல்வியை வெற்றி எண்ணுடன் அனுப்பினால் செயலி, என்ஜினெக்ஸ், கண்காணிப்புக் கருவி எதற்கும் அது தோல்வி என்று தெரியாது. அதைவிட, தரவுத்தளப் பிழையின் செய்தியில் முழு எஸ்க்யூஎல் (தரவுத்தள மொழி) வாக்கியமும் அதில் இட்ட மதிப்புகளும் இருக்கும். விவசாயியின் கைபேசி எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் அப்படியே செயலிக்குப் போகின்றன. நம்மை நம்பி அந்த எண்களைக் கொடுத்தவர்களுக்கு இது செய்யக்கூடாத காரியம். இத்தனையும் செய்த பிறகும் வலை ஓட்டையாகத்தான் இருக்கிறது: பிஎச்பி 7 முதல் டைப் எரர் போன்றவை ‘எக்செப்ஷன்’ வகையைச் சேர்ந்தவை அல்ல, ‘எரர்’ வகை. ‘துரோவபிள்’ என்று பிடித்தால் மட்டுமே இரண்டும் சிக்கும்.

நீங்கள் அனுப்பிய வரவுக் கன்ட்ரோலரில் ஓர் இடம் என்னை மிகவும் கவலைப்பட வைத்தது. டிபி டிரான்ஸாக்‌ஷன் என்ற, ‘எல்லாம் நடக்கும் அல்லது எதுவுமே நடக்காது’ என்று உறுதி தரும் உறைக்குள் வரவைச் சேமிக்கிறீர்கள், பிறகு விவசாயியின் இருப்புத் தொகையைத் திருத்துகிறீர்கள். அந்த உறைக்கு உள்ளேயே டிரை கேட்ச் இருக்கிறது. லாரவெலின் டிரான்ஸாக்‌ஷன், எக்செப்ஷன் வெளியே வந்தால்தான் எல்லாவற்றையும் பின்வாங்கும். உள்ளேயே விழுங்கிவிட்டால் எல்லாம் நலம் என்று எண்ணி, அதுவரை நடந்த பாதி வேலையை நிரந்தரமாக்கிவிடும். வரவு ஏறியிருக்கும், இருப்பு ஏறியிருக்காது. காணாமல் போன வரவுகளைப் போலவே, இருப்பு பொருந்தாத விவசாயிகளும் இருப்பார்கள். தேடிப் பாருங்கள்.

எக்செப்ஷனைப் பிடிக்க வேண்டியது, பிடித்து ஏதாவது உருப்படியாகச் செய்ய முடிந்த இடத்தில் மட்டும். எஸ்எம்எஸ் அனுப்பும் சேவை விழுந்துவிட்டால் அதைப் பிடித்து வரிசையில் போடலாம். எடைப் பதிவு அதனால் நிற்க வேண்டாம். மற்றவை அனைத்தும் மேலே போகட்டும். ஒரே ஹேண்ட்லர், ஒரே வடிவம். அந்த வடிவத்துக்குத் தரநிலை வேண்டுமென்றால் 2016இல் வந்து 2023இல் புதுப்பிக்கப்பட்ட ‘பிராப்ளம் டீட்டெயில்ஸ்’ இருக்கிறது. உங்கள் ஏபிஐயை உங்கள் செயலி மட்டும்தான் பயன்படுத்துகிறது என்றால் லாரவெலின் சொந்த வடிவமே போதும். அதை மாற்றுவதில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

ஸ்டேட்டஸ் கோடுகளில் செயலி நடத்தை மாற வேண்டிய நான்கைந்து மட்டும் முக்கியம். 401 வந்தால் லாகின் திரையைச் செயலியே திறக்க வேண்டும், பதியாத எடையைக் கையில் வைத்துக்கொண்டு. 403 (அனுமதி இல்லை) வந்தால் லாகினுக்கு அனுப்பக்கூடாது. மீண்டும் மீண்டும் உள்ளே வந்து அதே சுவரில் முட்டுவார். 422 வந்தால் எந்தக் கட்டம் தவறு என்று தமிழில் அந்தக் கட்டத்தின் அருகிலேயே காட்ட வேண்டும். 503 (சேவை தற்காலிகமாக இல்லை) வந்தால் ரிட்ரை ஆஃப்டர் ஹெடரில் சொன்ன நேரம் காத்திருந்து மீண்டும் அனுப்ப வேண்டும். 500 வந்தால் ‘பதிவாகவில்லை, சீட்டை வைத்திருங்கள்’ என்று பெரிய எழுத்தில் சொல்ல வேண்டும்.

பராமரிப்புக்காகத் தளத்தை இறக்கும்போதும் கவனம் வேண்டும். லாரவெலின் டவுன் கட்டளையில் எல்லாரையும் ஒரு பக்கத்துக்கு ரீடைரெக்ட் செய்யும் விருப்பம் ஒன்று உண்டு. இணையதளத்துக்கு நல்லது. ஏபிஐயும் அதே தளத்தில் இருந்தால் இதுவரை பேசிய விபத்து முழுச் சந்தைக்கும் ஒரே நேரத்தில் நடக்கும். அதற்குப் பதிலாக ரிட்ரை விருப்பத்தைக் கொடுத்தால் 503உம் காத்திருக்கும் நேரமும் ஒழுங்காகப் போகும்.

ரீடைரெக்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. பணம் செலுத்தி முடித்தவரை வங்கிப் பக்கத்திலிருந்து உங்கள் பக்கத்துக்கு அழைத்து வருவது மனிதரின் பிரவுசரில் நடக்கிறது. அங்கே 303 மிகப் பொருத்தம். ஆனால் பணம் வந்ததா என்ற முடிவை அந்தத் திரும்புதலில் எடுக்காதீர்கள். பேமென்ட் கேட்வேயின் சர்வர் தனியாக அனுப்பும் அறிவிப்பில் எடுங்கள். பட்டியல் பிடிஎஃப் கோப்பை அமேசானின் கோப்புச் சேமிப்பான எஸ்3 இலிருந்து கொடுக்க ரீடைரெக்ட் செய்ய நினைத்தால், ஒரு தொல்லை இருக்கிறது. சில கிளையன்டுகள் டோக்கனைத் தாங்கும் உங்கள் ஆதரைசேஷன் ஹெடரையும் அந்த வேறு சர்வருக்குத் தூக்கிக்கொண்டு போகும். டோக்கன் வெளியாளிடம் போவது ஒருபுறம். அனுமதியைத் தன்னுள்ளேயே கொண்ட, கையொப்பமிட்ட முகவரியோடு அந்த ஹெடரும் சேர்ந்து வந்தால் எஸ்3 இரண்டு அடையாளம் காட்டுகிறாய் என்று 400 கொடுத்து மறுத்துவிடும். கோரிக்கைகள் அனுப்பும் பரவலான கட்டளைக் கருவியான கர்லே 2018 ஜனவரியில் வந்த 7.58.0 பதிப்பில்தான் வேறு ஹோஸ்டுக்கு அந்த ஹெடரை அனுப்புவதை நிறுத்தியது. பிடிஎஃப் முகவரியை ஜேசானில் கொடுத்து, செயலியே அதைத் தனியாக எடுத்துக்கொள்ளும்படி செய்வது பாதுகாப்பு.

செயலியின் பக்கம். ‘ஓகேயா’ என்ற சோதனை போதாது. ஸ்டேட்டஸ் சரியாக 201 (புதிதாக உருவாக்கப்பட்டது) ஆக இருக்க வேண்டும், கன்டென்ட் டைப் ஜேசானாக இருக்க வேண்டும், உள்ளே வரவு எண் இருக்க வேண்டும். மூன்றும் இருந்தால்தான் பச்சை. செயலியில் கோரிக்கை அனுப்பும் ஃபெட்ச் செயற்கூறில் ரீடைரெக்டை ‘மேனுவல்’ என்று போட்டுத் தடுக்கலாமே என்று தோன்றும். ரியாக்ட் நேட்டிவில் அந்த விருப்பம் வேலை செய்வதில்லை என்று அதன் ஆவணமே சொல்கிறது. அக்செப்ட் ஹெடரைச் செயலியிலும் சேர்த்துவிடுங்கள். வரவு எண் கைக்கு வரும்வரை பதிவைப் போனிலேயே வைத்திருந்து மீண்டும் அனுப்புங்கள். மீண்டும் அனுப்பும்போது ஒரே எடை இருமுறை ஏறாமலிருக்க, பதிவு உருவாகும்போதே போன் ஒரு யூயூஐடி (வேறெந்தப் பதிவுக்கும் வராத அடையாள எண்) கொடுக்கட்டும். தரவுத்தளத்தில் அந்தப் பத்திக்கு ஒரே மதிப்பு இருமுறை வர விடாத யூனிக் இன்டெக்ஸ் வையுங்கள். ஏற்கெனவே இருக்கும் யூயூஐடி வந்தால் பிழை காட்ட வேண்டாம், பழைய வரவு எண்ணையே அதே 201 உடன் திருப்பிக் கொடுங்கள்.

வேலையைச் சர்வரிலிருந்து தொடங்குங்கள். செயலியின் புதிய பதிப்பை இன்றே வெளியிட்டாலும் எல்லாக் கடைகளின் போன்களும் உடனே மாறிவிடாது. பழைய பதிப்பு அக்செப்ட் ஹெடர் இல்லாமல் அனுப்பிக்கொண்டேதான் இருக்கும். சர்வர் 422, 401 கொடுக்கத் தொடங்கிவிட்டால் பழைய செயலியிலும் ‘ஓகேயா’ சோதனை தோற்று, பச்சைக்குப் பதில் பிழைச் செய்தி வந்துவிடும். செய்தி நயமாக இருக்காது, ஆனால் உண்மையாக இருக்கும். எச்டிடிபியை 400 கொடுத்து மறுப்பதை மட்டும், பழைய முகவரியுடன் எத்தனை போன்கள் வருகின்றன என்று அக்சஸ் லாகில் பார்த்துவிட்டு, அந்தக் கடைகளுக்கு நேரில் போய்ப் புதுப்பித்த பிறகு செய்யுங்கள். அதுவரை அந்த 301ஐ 308 ஆக மாற்றி, ஒரு சோதனைக் கோரிக்கை அனுப்பி போஸ்ட்டாகவே போய்ச் சேர்கிறதா என்று பாருங்கள்.

ஏற்கெனவே தொலைந்த வரவுகளை அக்சஸ் லாகிலிருந்து மீட்க முடியாது. போஸ்ட்டின் உள்ளடக்கம் அதில் இருப்பதில்லை. அன்றைய பூவும் மாலைக்குள் கை மாறி, கட்டி, சூடப்பட்டுவிட்டது. மறுபடி எடை போட வழியில்லை. விவசாயியிடம் இருக்கும் எடைச் சீட்டு மட்டுமே சான்று. 302 வந்த நாளையும் நேரத்தையும் லாகிலிருந்து எடுத்து, கடைவாரியாகப் பிரித்துக் கொடுங்கள். அந்த நேரத்துச் சீட்டு யாரிடம் இருக்கிறது என்று கணக்குப்பிள்ளைகள் கேட்டறிந்து, வரவை ஏற்றி, பாக்கியைக் கொடுத்துவிடலாம். லாக் கோப்புகள் சில நாட்களில் தானாக அழிந்துவிடும்படி அமைத்திருப்பார்கள். எனவே வேறு எதையும் தொடும் முன் அவற்றை நகலெடுத்து வையுங்கள்.